வடியாத சேறு

அந்த ஜனவரியில் ஏரியின் அடியிலிருந்து ஆறு இடங்களில் சேறு எடுத்தேன். அவற்றில் ஐந்து, படகு எளிதாகப் போன இடங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த எல்லாவற்றையும் மழையின் மேல் போட்டுவிடலாம். பலர் அப்படித்தான் போட்டார்கள். மழை பெய்தது உண்மைதான். ஆனால் அதற்கு வெகு முன்பே, வானம் தெளிந்திருந்த ஒரு பனிக்காலையில், நான் என் தவறைச் செய்து முடித்திருந்தேன்.

நான் அப்போது கோயம்புத்தூரில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் சிவில் இன்ஜினியர். ஊர் குன்னூர் என்பதால் மலை வேலைகள் வந்தால் என்னை அனுப்புவார்கள். கேத்திப் பக்கம் ஒரு சிறிய ஏரியைத் தூர்வாரும் வேலை வந்தது. சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து காரட் தோட்டங்களின் மேல்மண் ஆண்டாண்டாய் அடித்துவந்து பாதி ஏரியை மூடியிருந்தது. சமவெளியில் ஏரி என்றால் வற்றவிட்டு இயந்திரம் இறக்கிச் சேற்றை அள்ளிக் கரையில் கொட்டிவிடலாம். இது குடிதண்ணீர் ஏரி, வற்றவிட முடியாது. மிதவையில் பம்பு வைத்துச் சேற்றைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்ச வேண்டும். குழாய் வழியாகக் கரைக்கு வந்ததும் சல்லடையில் ஓடவிட்டு மணலைப் பிரிக்க வேண்டும். மிச்சமிருக்கும் குழம்பில் மண்ணைத் திரளவைக்கும் மருந்து கலந்து, கெட்டித் துணியால் தைத்த ராட்சதப் பைகளுக்குள் செலுத்த வேண்டும். துணி வழியே தண்ணீர் கசிந்து வெளியேறும், மண் உள்ளே தங்கும். காய்ந்த மண்ணை லாரியில் ஏற்றி, ஒரு கைவிட்ட கல்குவாரியில் கொட்டுவதாகத் திட்டம்.

என்னிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்வி. எடுக்கிற சேறு கடைசியில் எவ்வளவாகக் குறையும்?

கணக்கின் அடிப்படை எளிது. சேற்றிலிருந்து தண்ணீர் போகும், மண் எங்கும் போகாது. ஒரு குடம் சேற்றில் மண் எத்தனை, தண்ணீர் எத்தனை என்று தெரிந்தால், தண்ணீரில் எவ்வளவு வெளியேறும் என்பதை வைத்து மிச்சத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் மண் ஒரே மாதிரி இல்லை. மணல், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. சல்லடையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் உலர்ந்துவிடும். களி அப்படியில்லை. மாவைவிட நுண்ணிய களிமண்ணும் அழுகிய பாசியும் சேர்ந்தால் தண்ணீரை விடவே விடாது. ஆகவே மணல் எத்தனை பங்கு, களி எத்தனை பங்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓடை வந்து விழுகிற முனையில் கனமான மணல் முதலில் படியும். களி மிதந்து மிதந்து ஆழமான மறுமுனைக்குப் போய்ப் படியும்.

நான் மறுமுனைக்குப் போகவில்லை. அன்று காலை புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. ஏரியின் மேல் மூடுபனி.

"அந்தப் பக்கம் பாசியும் கோரையும் பின்னிக் கெடக்குதுங்க மேடம். துடுப்பு மாட்டிக்கும்" என்றார் படகுக்காரர். "வெயில் ஏறட்டுங்க, போலாம்."

வெயில் ஏறப் பதினொரு மணி ஆகும். மாதிரிகளை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் பரிசோதனைக் கூடத்துக்குப் போகிற வண்டி பன்னிரண்டுக்குக் கிளம்ப வேண்டும். விரல்கள் மரத்துப்போய் மாதிரிக் குழாயின் மூடியைத் திருகக்கூட முடியாமல் இருந்தது. ஐந்தை ஓடைப்பக்கமே எடுத்தேன். ஆறாவதை நடு ஏரியில் எடுத்தேன். நடு ஏரிச் சேறு கறுப்பாக, பிசுபிசுவென்று, அழுகிய முட்டைக்கோஸ் நாற்றத்தோடு இருந்தது. முகர்ந்து பார்த்தபோதே இது வேறு சேறு என்று தெரிந்தது. மூடியைத் திருகி மற்ற ஐந்தோடு வைத்துவிட்டேன்.

முடிவுகள் வந்தன. ஐந்து மாதிரிகளில் பாதிக்கு மேல் மணல். ஆறாவதில் மணலே இல்லை என்று சொல்லலாம். மார்ச் மாதம் கோயம்புத்தூரில் சின்னப் பையைக் கம்பத்தில் தொங்கவிட்டுச் சோதித்துப் பார்த்தோம். தொழிற்கூடத்துக்குப் பின்னால், தகரக் கூரை வெயிலைத் திருப்பி அடிக்கும் இடம். மூன்று நாளில் பைக்குள் இருந்தது மண்வெட்டியால் வெட்டியெடுக்கும்படி காய்ந்திருந்தது. அந்தச் சோதனையிலும் பைக்குள் போனது பெரும்பாலும் ஓடைப்பக்கச் சேறுதான்.

அறிக்கையில் நான் ஒரே எண்ணைத்தான் எழுதினேன் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் அப்படி எழுதவில்லை. நூறு குடம் சேறு எடுத்தால் கடைசியில் முப்பத்தைந்திலிருந்து எழுபது குடம்வரை மிஞ்சலாம், மறுமுனையிலிருந்து இன்னும் மாதிரி எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றே எழுதியிருந்தேன். என் மேலாளர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நல்ல மனிதர். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது லீவ் கேட்பதற்கு முன்பே கொடுத்தவர்.

"முப்பத்தஞ்சுல இருந்து எழுபதுன்னா அது எஸ்டிமேட்டாம்மா, ஜோசியமா?"

"ஆறு சாம்பிள்தான் இருக்குதுங்க சார். பத்தாது."

"இன்னொரு தரம் எடுக்கப் போனா ஒரு மாசம் போயிரும். ஏப்ரல்ல ஆரம்பிக்கலைன்னா இந்த வருசம் வேலையே இல்ல. மேல இருக்கறவங்க எங்கிட்ட ஒரு நம்பர்தான் கேப்பாங்க. உன் மனசுக்கு என்ன படுது?"

என் மனசுக்குப் பட்டதைச் சொல்லவில்லை. ஐந்து மாதிரிகள் சொன்னதைச் சொன்னேன். "நாப்பதுக்குள்ள வருங்க சார்."

அவர் நாற்பது என்று எழுதினார். மற்ற வரிகளை அவர் அடிக்கவில்லை, நானேதான் அடித்தேன்.

மலையில் கிடைக்காத ஒரே பொருள் சமதளம். அந்தப் பைகள் ஒவ்வொன்றும் ஒரு பேருந்தைவிட நீளம். அவற்றைக் கிடத்த, ஏரிக்கு அருகில் இருந்த ஒரே தட்டையான இடம் ஓர் அக்காவின் காரட் தோட்டம். சரிவில் படிபோல் நான்கு தட்டுகளாக வெட்டிய நிலம். அவருடைய மாமனார் காலத்தில் சமவெளியிலிருந்து வந்து வாங்கிய துண்டு. கணவர் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் ஒருநாள் வீட்டில் இருந்தால் அதிசயம். நிலம் முழுவதும் அந்த அக்காவின் கைதான். ஐம்பது வயதிருக்கும். தலையில் கம்பளித் தொப்பி, அதன்மேல் முக்காடு, காலில் கணவருடைய பழைய ரப்பர் பூட்ஸ்.

மேல் இரண்டு தட்டுகளை எங்களுக்குக் கொடுப்பதா என்று யோசிக்க அவர் என்னைத்தான் கூப்பிட்டார், மேலாளரை இல்லை. தோட்டத்து மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று பேசினோம்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க இந்த ஊர்ப்பக்கத்துப் புள்ளைன்னு சொன்னாங்க. உங்களை நம்பித்தான் கேக்கறன். எத்தனை நாள்ல காலி பண்ணுவீங்க?"

"மூணு மாசமுங்க அக்கா. சூலை கடைசில தட்டு உங்க கைக்கு வந்துரும்."

"அப்ப ஆகஸ்டுல வெதை போட்டுக்கலாமுங்களா?"

"தாராளமாப் போடலாமுங்க."

"இத்தனை சேறும் மூணு மாசத்துல காஞ்சிருமாக்கும்?"

நூறு குடம், நாற்பது குடம் என்று அவருக்கு விளக்கினேன். மணல் முதலில் பிரிந்துவிடும், தண்ணீர் துணி வழியாக வடிந்துவிடும் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு கீழே குனிந்து தன் தட்டிலிருந்து ஒரு கை மண்ணை எடுத்து அழுத்தி உருட்டி, என் முன்னால் விரித்துக் காட்டினார். உருண்டை உடையவில்லை.

"எம்பட மண்ணே இப்படி இருக்குது. ஏரிக்குள்ள போனதும் இதுதானுங்களே?"

அதற்கு ஏதோ பதில் சொன்னேன். மருந்து கலப்போம், அது மண்ணைத் திரட்டிவிடும் என்று சொல்லியிருப்பேன். அவர் தலையாட்டினார். அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டார். கீழ் இரண்டு தட்டுகளில் பூண்டு போடப்போவதாகச் சொன்னார்.

ஏப்ரலில் வேலை தொடங்கியது. ஓடை முனையிலிருந்து ஆரம்பித்தோம். மிதவைப் பம்பு இரைந்தது, குழாய் உதறியது, அதிர்வுச் சல்லடையில் மணல் பளபளவென்று விழுந்து மலையாகக் குவிந்தது. மணல் மலையைப் பார்க்கப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். முதல் பை நிரம்பி, ஆளுயரத்துக்குப் புடைத்து, மறுநாளே பாதியாகத் தாழ்ந்தது. துணியிலிருந்து கசிந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த அக்கா டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"குடிக்கலாம் போல இருக்குதுங்களே அம்மிணி!"

அந்த வாரங்களில் எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது. மேலாளரிடம் தினமும் அளவுகளைச் சொன்னேன். முப்பத்தெட்டு என்றேன் ஒருநாள். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார். சொன்னது நான்தான் என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

மே கடைசியில் மிதவை நடு ஏரியைத் தாண்டியது. சல்லடையில் மணல் விழுவது குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. குழாயில் வந்ததெல்லாம் கறுப்புக் குழம்பு. சல்லடை வெறுமனே அதிர்ந்துகொண்டிருந்தது. அதை இயக்கிய தொழிலாளி என்னைப் பார்த்தார், நான் சல்லடையைப் பார்த்தேன்.

அந்தக் குழம்பு பைக்குள் போனது, தண்ணீர் வெளியே வரவில்லை. முதல் நாள் துணியில் வியர்வை மாதிரி முத்து முத்தாகக் கசிந்தது. இரண்டாம் நாள் துணியின் உட்புறம் களி ஒட்டி மெழுகிவிட்டாற்போல அடைந்துபோனது. மருந்தின் அளவைக் கூட்டினேன். மலைத்தண்ணீரின் குளிரில் மருந்துத் தூள் சரியாகக் கரையாமல் மீன்முட்டை மாதிரி கட்டி கட்டியாக மிதந்தது. வெந்நீர் வைத்துக் கரைத்தோம். ஒரு அண்டா வெந்நீரால் ஓர் ஏரிக்கு என்ன செய்ய முடியும்? வேறு மருந்து வரவழைத்தோம். பைகளின் மேல் தடி வைத்துத் தட்டினோம். இரண்டு பேர் ஏறி நடந்து மிதித்தும் பார்த்தோம். ஏறி மிதித்தால் பை தளும்பியது. உள்ளே இருந்தது தளும்பியதே தவிர இறுகவில்லை.

ஜூன் பிறந்ததும் சாரல் பிடித்தது. நீலகிரியில் சாரல் என்றால் மழையென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. காலையில் எழுந்தால் துணிக்கயிற்றில் நேற்றுப் போட்ட துணி போட்டபோது இருந்ததைவிட ஈரமாக இருக்கும். என் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: மீதி ஈரம் காற்றிலும் வெயிலிலும் உலரும். அதை எழுதியபோது என் கண்முன் இருந்தது கோயம்புத்தூர்த் தகரக் கூரை. நான் பிறந்து வளர்ந்தது இந்த மலையில். பள்ளிக்கூட நாட்களில் அடுப்பங்கரையில் காயப்போட்ட சாக்ஸை ஈரத்தோடே மாட்டிக்கொண்டு போனவள். எனக்கே அது எழுதும்போது நினைவுக்கு வரவில்லை என்பதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

அந்த நாட்களில் ஒரு மாலை வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தபோது அவளுக்குப் பத்து வயது. இன்றும் அவள் பேச்சில் அந்த மலைதான் இருக்கிறது.

"மழ நாள்ல கொழுந்து நிறுக்கயில தண்ணிக்குன்னு கழிப்பானுவ, தெரியுமா புள்ள?" என்றாள். "கூடைய ஒரு பார்வ பாப்பான் கணக்கப்புள்ள. இம்புட்டுக் கிலோ தண்ணின்னு எழுதிருவான். எப்புடி தெரியும் அவனுக்கு? கையக்கூட உள்ள உட்டுப் பாக்க மாட்டான். அந்தக் கோவத்துல எத்தன நாளு சோறு எறங்காம இருந்துருக்கேன்."

"நான் ஆறு இடத்துல பாத்தேம்மா."

"நீ பாத்ததத்தான் எழுதுனியா?"

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டாள்.

ஜூலை முடிந்தது. மேல் இரண்டு தட்டுகளிலும் பைகள், பைகளின் மேல் பைகள். இடம் இல்லாததால் மிதவையை நிறுத்திவிட்டோம். ஏரியில் பாதிச் சேறு அப்படியே கிடந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் அந்த அக்கா வந்தார். கையில் காரட் விதைப் பொட்டலம் இருந்தது. அதைக் காட்டுவதற்காகக் கொண்டுவரவில்லை. கடையிலிருந்து நேரே வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

"உள்ள எப்படி இருக்குதுன்னு ஒருக்கா பாக்கலாமுங்களா அம்மிணி?"

தொழிலாளியைக் கூப்பிட்டு ஒரு பையின் மேற்புறத்தில் கையகலத்துக்குக் கிழிக்கச் சொன்னேன். துணிக்கு அடியில் நான்கு விரற்கடை கெட்டியாக இருந்தது, பிளந்த மண் மாதிரி. எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. பிடி வைத்த இரும்புக் கம்பி ஒன்றை உள்ளே குத்தினேன். நான்கு விரற்கடைக்குக் கீழே கம்பி தன்னால் இறங்கியது. பிடியைத் தவிர முழுக் கம்பியும் போய்விட்டது. உள்ளே கெட்டித் தயிர் மாதிரி இருந்தது, முதல் நாள் போலவே. பிடியைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர் மெல்ல ஊறி வந்து நின்றது.

"இது காயாதுங்க" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. வயலைப் பார்த்துப் பழகிய ஒருவர் வயலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

"காஞ்சிருமுங்க அக்கா. கொஞ்சம் நாளாகும்."

"எத்தனை நாளுங்க?"

அன்று நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். சாரலைக் கழித்து, வெயிலைக் கூட்டி, பையின் கனத்தை வைத்து. ஒன்றரை வருடம் வந்தது. இன்னொரு முறை போட்டேன், இரண்டரை வந்தது. "அடுத்த வெயில் காலத்துல எடுத்துரலாமுங்க" என்றேன். அப்படியும் ஒரு எண்ணைத்தான் சொன்னேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

லாரியில் அப்படியே ஏற்றிவிடலாமே என்று மேலாளர் போனில் கேட்டார். ஒரு லாரியில் ஏற்றியும் பார்த்தோம். முதல் வளைவிலேயே சேறு ஒருபக்கமாகத் தளும்பி வண்டி சாய்ந்தது. ஓட்டுநர் இறங்கி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க ஓட்டுறதுன்னா ஓட்டுங்க மேடம்" என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம்.

அக்டோபரில் வடகிழக்கு மழை பிடித்தது. அது சாரல் இல்லை. மூன்று நாள் விடாமல் கொட்டியது. பர்லியார் பக்கம் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டது, மேலாளரால் வரமுடியவில்லை. நான்காம் நாள் மதியம் மழை கொஞ்சம் விட்டது. நான் தோட்டத்துக்குப் போனேன். அந்த அக்கா கீழ்த் தட்டில் பூண்டுப் பாத்திகளில் தேங்கிய தண்ணீரை மண்வெட்டியால் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். பூண்டுத் தாள் மஞ்சள் அடிக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் பிடுங்கலாம் என்றார்.

நான் ஓரத்துக் கல்கட்டில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து ஒரு சத்தம். துணி கிழிகிற சத்தம், ஆனால் நீளமாக, யாரோ நிதானமாகக் கிழிப்பது போல. அண்ணாந்து பார்த்தோம். இரண்டாம் தட்டின் விளிம்பில் இருந்த பை, தைத்த ஓரத்தில் வாய் திறந்துகொண்டிருந்தது.

"அக்கா, மேல ஏறுங்க! ஓரமா வாங்க!"

அவர் ஏறவில்லை. மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார். நான் இறங்கி ஓடி அவர் கையைப் பிடித்து இழுத்து, அந்தக் கல்கட்டின் மேல் ஏற்றினேன். சேறு வேகமாக வரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கறுப்பாக, தடித்து, அடுப்பில் பொங்கிய பால் பாத்திரத்தின் விளிம்பில் வழிவது மாதிரி மெதுவாகத் தட்டிலிருந்து இறங்கியது. முதல் பாத்தியை மூடியது. இரண்டாவதை மூடியது. பூண்டுத் தாள்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஓடிப்போய் எதையாவது குறுக்கே வைக்கலாம் என்றால் வைக்க எதுவும் இல்லை. மணல் மூட்டைகள் ஏரிக்கரையில் இருந்தன, ஆட்கள் மழைக்கு வேலைக்கு வரவில்லை. போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. இருந்திருந்தாலும் யாரிடம் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் கல்கட்டின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அரைமணி நேரம் இருக்கும். அவர் ஒருமுறை மட்டும் வாயைத் திறந்தார்.

"அந்த ஓரத்துப் பாத்தி ரெண்டும் வெதைப்பூண்டுங்க. அதையாச்சும் நேத்தே புடுங்கியிருக்கலாம்."

கீழ்த் தட்டையும் தாண்டி ஓடைக்குள் இறங்கிய சேறு, ஓடை வழியே ஏரிக்குப் போனது. நாங்கள் நான்கு மாதம் உறிஞ்சி எடுத்ததில் ஒரு பங்கு, எடுத்த இடத்துக்கே திரும்பிப் போனது.

மறுநாள் வழி திறந்ததும் கோயம்புத்தூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். மழையின் அளவைக் குறித்துக்கொண்டார்கள். எதிர்பாராத மழை என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டது. மேலாளர் அதை என்னிடம் காட்டி, "இதுல நீ பயப்பட ஒண்ணுமில்லம்மா" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் மறுமுனையில் மாதிரி எடுக்காததைப் பற்றி ஒரு கடிதம் எழுதி அவரிடம் கொடுத்தேன். படித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, வேறு யாரும் கேட்கவும் இல்லை. தண்டனை கிடைத்திருந்தால்கூட அந்த அக்காவின் தட்டு காய்ந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில் ஒன்றும் இல்லை.

வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. மிதவையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். மணல் மலை மட்டும் உடனே விலைபோனது. நான் அந்த நிறுவனத்தை விட்டேன். இப்போது கோயம்புத்தூரில் கான்கிரீட் கட்டிகளை உடைத்துப் பார்த்து உறுதி சொல்கிற ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். கட்டி உடையும், எந்த அழுத்தத்தில் உடைந்தது என்று இயந்திரமே எண்ணைக் காட்டும், நான் அதை எழுதுவேன். முன்கூட்டிச் சொல்ல வேண்டிய எதுவும் அந்த வேலையில் இல்லை.

அடுத்த வெயில் காலத்தில் மேல் தட்டில் சில பைகளை வெட்டி எடுத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன். முதலில் நிரம்பிய ஓடைப்பக்கப் பைகள் அவை. மற்றவை அங்கேயே கிடக்கின்றன. அந்த அக்கா கீழ்த் தட்டில் படிந்த சேற்றைக் கொத்தி உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்தார். சேறு வெயிலில் ஓடுபோல் வெடித்தது, மழையில் பசையாக ஆனது. கிழங்கு முளைவிட்ட இடத்திலேயே அழுகிப்போனது. இப்போது அவர் ஊருக்குக் கீழே காரட் கழுவும் இயந்திரத்தில் தினக்கூலிக்குப் போகிறார். மற்றவர்கள் தோட்டத்துக் காரட்.

போன மாதம் அம்மாவைப் பார்க்க வந்தபோது அவரையும் போய்ப் பார்த்தேன். கழுவும் இடத்தில் ஈரத்தில் நின்று நின்று அவருடைய கைவிரல்கள் வெளிறிச் சுருங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க அம்மிணி. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. உங்கள்ட்ட ஒண்ணு காட்டோணும், ஊட்டுக்கு வாங்க."

வீட்டில் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். நிலத்தைக் காலி செய்து தரச் சொல்லி, தூர்வாரும் வேலையைக் கொடுத்த அலுவலகத்துக்கு அவர் கொடுத்த மனுவுக்கு வந்த பதில். பாதி ஆங்கிலம், பாதித் தமிழ். படித்துச் சொல்லச் சொன்னார்.

அவருடைய மனு பெறப்பட்டது, இடத்தைப் பார்வையிட்டு, மிஞ்சியிருக்கும் சேற்றின் கன அளவை மறுமதிப்பீடு செய்த பின் தக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதியிருந்தது. எப்போது பார்வையிடுவார்கள் என்று இல்லை. யார் வருவார்கள் என்றும் இல்லை.

"இன்னொருக்கா படிங்க" என்றார்.

மறுபடி மெதுவாகப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் அவர் முகத்தைப் பார்த்தேன். முடிந்ததும் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"நீங்க ஏதாச்சும் பேசிப் பாக்க முடியுங்களா? அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும்..."

"நான் இப்ப அந்த வேலையில இல்லீங்க அக்கா. யாரையும் தெரியாதுங்க."

"ஆமாமா, சொன்னாங்க" என்றார். கடிதத்தை வாங்கி, வந்த மடிப்பிலேயே மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அடுப்பைப் பற்றவைத்துக் காப்பிக்குத் தண்ணீர் வைத்தார். ஜன்னல் வழியே இரண்டாம் தட்டு தெரிந்தது. பைகளின் மேல் புல் முளைத்து, காட்டெருமை ஒன்று கழுத்தை நீட்டி மேய்ந்துகொண்டிருந்தது. அதை விரட்ட அவர் எழுந்திருக்கவில்லை.

"சர்க்கரை எவ்வளவுங்க?" என்று கேட்டார்.